நடுவட்டத்துப் பட்டை

சிங்கோனா மரப்பட்டையில் காய்ச்சலைத் தணிக்கும் ஆல்கலாய்டுகள் முக்கியமாக நான்கு: குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின். பேரும் புகழும் முதலாவதற்கு மட்டுமே கிடைத்தன. எங்கள் கூடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் 'கொயினா' என்று சொன்னதும் அதைத்தான். மற்ற மூன்றுக்கும் மருந்துக் குணம் உண்டா என்று முறையாகச் சோதித்துப் பார்த்த இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. 1866-இல் இதற்கென ஒரு குழு அமைத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காய்ச்சல்காரர்களுக்கு நான்கையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்குமே முறைக்காய்ச்சலை, அதாவது மலேரியாவை, கட்டுப்படுத்தின. சிங்கோனின் மட்டும் சற்றுப் பின்தங்கியது; அதுவும் ஒதுக்கித் தள்ளும் அளவுக்கு இல்லை.

இயற்கை மருந்துப் பொருள்களைப் பற்றிய ஃபார்மகாக்னசி பாடம் நடத்திய காலமெல்லாம் மாணவர்களுக்கு இந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லாமல் நான் விட்டதில்லை. நீலகிரி சிங்கோனாவின் கதையை 'வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், ஜாவாவோடு போட்டிபோட முடியாமல் போனது' என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் நடந்ததுதான் முக்கியம். ஏழைகளுக்கு மலிவாகக் கிடைத்திருக்கக்கூடிய மருந்து ஒன்று கையில் இருந்தும், அதை அவர்களிடம் கொண்டுசேர்க்க மாகாணம் தவறிய காலம் அது.

மரம் ஆண்டிஸ் மலைக்காடுகளைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் யேசு சபைப் பாதிரியார்கள் வழியாகப் பட்டை ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1820-இல் பாரிஸில் பெல்டியே, காவந்து என்ற இருவர் அதிலிருந்து குயினைனைத் தனியே பிரித்தார்கள். அதன்பின் பட்டைக்கு ஏற்பட்ட கிராக்கியில் காட்டு மரங்கள் கணக்கில்லாமல் வெட்டப்பட்டன. இந்தியாவிலோ சிப்பாயும் தோட்டக் கூலியும் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்தார்கள். 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே கருகின. கைகொடுத்தவர் ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர். எக்வடாரில் சிம்பராசோ மலைச்சரிவில் ரிச்சர்ட் ஸ்புரூஸுடன் சேர்ந்து அவர் திரட்டிய செம்பட்டை இனத்து நாற்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் கடல் தாண்டி, நானூற்றுக்கும் மேல் உயிரோடு 1861 ஏப்ரலில் உதகைக்கு வந்துசேர்ந்தன. அவற்றைப் பெற்றுக்கொண்டவர் அரசுத் தோட்டத்துக் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்கைவர்.

தொட்டபெட்டாவின் குளிர் செம்பட்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே எக்வடாரின் லோஹா பக்கத்து வேறோர் இனம் நன்றாக வந்தது. செம்பட்டைக்குக் கொஞ்சம் இறக்கமான, மழை கொட்டும் இடம் வேண்டும். உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் வழியில் இருக்கும் நடுவட்டம் அதற்குத் தோதாக அமைந்தது.

அங்கே மெக்கைவர் கண்ட வித்தையை இன்றைக்கும் வியக்கிறேன். மரத்தை வெட்டாமல் தண்டில் பட்டையை நீளவாக்கில் வாராக உரிப்பார். ஒரு வார் எடுத்தால் அடுத்த வாரை விட்டுவிடுவார். உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டுவார். அடியில் புதுப்பட்டை வளரும். அதைச் சோதித்தபோது பழைய பட்டையைவிட ஆல்கலாய்டு கூடுதலாக இருந்தது. வெயில் படாமல் மூடியிருந்ததே காரணம் என்று கொண்டார்கள். விட்டுவைத்த வார்களை அடுத்த முறை உரிக்கலாம், மரமும் பிழைக்கும்.

ஆனால் உரித்தவர்கள் யார், காடு வெட்டியவர்கள் யார்? மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து தண்டனை பெற்றுச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்தில் வேலைக்கு நிறுத்தினார்கள். 1868-இல் அவர்களில் சிலர் தப்பி ஓடினார்கள். தேடிப்போன போலீஸாரில் சிலர் காட்டில் கொலையுண்டு கிடந்தார்கள். தண்டனைக் காலம் முடிந்த சிலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கைதிகளை அடைத்துவைத்த சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கூடலூர்ப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கைதிகளைப் பற்றித் தெரியும்? நான் மாணவர்களை அங்கே அழைத்துப்போனால் முதலில் காட்டுவது அந்தச் சிறையைத்தான். மரங்களெல்லாம் பிறகு.

வகுப்பில் ஒரு சோதனை செய்வோம். பட்டைத் துண்டின் மேற்புறம் சாம்பல் நிறம், உட்புறம் செங்காவி. ஒடித்தால் நார் நாராக நிற்கும். நாக்கில் பட்டால் துவர்ப்போடு கசப்பு ஏறும். அதிலிருந்து பிரித்த குயினைனை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து ஜன்னல் பக்கம் வெயிலில் பிடித்தால், நிறமற்ற கரைசலின் ஓரம் நீலமாக ஒளிரும். குயினிடினும் அப்படித்தான். சிங்கோனினும் சிங்கோனிடினும் ஒளிராது. அவற்றின் மூலக்கூறில் ஒரு மெத்தாக்ஸி தொகுதி இல்லை, அவ்வளவே வித்தியாசம். காய்ச்சலைத் தணிக்கும் குணம் அதனால் போய்விடவில்லை.

நீலகிரிச் செம்பட்டையில் குயினைன் குறைவு, சிங்கோனிடின் அதிகம். 1866-இல் உதகைக்கு வந்த வேதியியலாளர் ஜான் பிராட்டன், இந்தக் கலவையைப் பிரிக்காமலே மலிவான மருந்தாகத் தயாரிக்க முயன்றார். செலவு கட்டுப்படியாகவில்லை என்று சில ஆண்டுகளில் அந்த வேலை நிறுத்தப்பட்டது. பட்டையை லண்டன் ஏலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விலை பேசியது குயினைன் அளவை வைத்துத்தான். சென்னையில் சோதித்துத் தெரிந்துகொண்டதைச் செய்துகாட்டியது வங்காளம்தான். டார்ஜிலிங் மலையில் முங்பூவில் 1870-களின் நடுவில் நான்கும் கலந்த காய்ச்சல் மருந்து தயாராகி, குயினைனைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்றது. சிலருக்குக் குமட்டியது உண்மை. ஆனாலும் காய்ச்சல் நின்றது. நடுவட்டத்தில் அரசு ஆலை நிலைபெற அதற்குப் பிறகும் ஆண்டுகள் பல ஆயின. அந்த இடைவெளியில் எத்தனை உயிர் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

குயினைன் அளவே விலை என்றான பிறகு ஜாவாவை யாராலும் வெல்ல முடியவில்லை. பொலிவியாவில் மானுவேல் இங்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர், எந்த மரம் உசத்தி என்று அறிந்து விதை சேகரித்துத் தம் முதலாளி சார்லஸ் லெட்ஜரிடம் கொடுத்தார். 1865-இல் லண்டனுக்கு வந்த அந்த விதையை ஆங்கில அரசு வேண்டாமென்றது. டச்சுக்காரர்கள் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அந்தப் பட்டையில் குயினைன் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல் போயிற்று. மறுபடியும் விதை எடுக்கப் போன மாமானியைப் பிடித்துச் சிறையில் அடைத்து அடித்தார்கள். அந்த அடியிலேயே அவர் இறந்தார். இலங்கையிலும் காப்பி அழிந்த தோட்டங்களில் சிங்கோனாவை நட்டுக் குவித்து, 1880-களில் விலையைத் தோட்டக்காரர்களே கவிழ்த்துக்கொண்டார்கள்.

விலை விழுந்ததில் ஒரு நன்மை உண்டு. 1892 முதல் வங்காளத்தில் தபால் நிலையங்களில் குயினைன் பொட்டலம் ஒரு பைசாவுக்குக் கிடைத்தது. அந்த ஏற்பாடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தபால்காரர் மருந்து விற்ற அந்தக் காலத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

1942-இல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் மறுபடி மவுசு வந்தது. வால்பாறைப் பக்கம் 'சிங்கோனா' என்றே ஓர் ஊர் இருக்கிறது. போருக்குப் பின் செயற்கை மருந்தான குளோரோகுயின் வந்தது; கிராக்கி குறைந்தது; காலப்போக்கில் சிங்கோனாக் காடுகள் தேயிலைக்கு இடம் கொடுத்தன.

மருந்துலகம் பட்டையின் அந்த நான்கு ஆல்கலாய்டுகளையும் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. கடுமையான மலேரியாவுக்கு இன்று ஆர்ட்டிசுனேட் ஊசிதான் முதல் மருந்து. அது கிடைக்காத இடத்தில் குயினைனையும் நாடுகிறார்கள். அளவு மிஞ்சினால் காது இரையும். 1912-இல் வெங்கெபாக் என்ற மருத்துவரிடம் வந்த டச்சு வணிகர் ஒருவர், குயினைன் சாப்பிட்டால் தம் தாறுமாறான நாடித்துடிப்பு சீராகிறது என்று சொன்னார். சில ஆண்டுகளில் வால்டர் ஃப்ரே சோதித்ததில், அந்த வேலைக்குக் குயினைனைவிடக் குயினிடினே மேல் என்று தெரிந்தது. சிங்கோனிடினும் சிங்கோனினும் இன்று காய்ச்சலுக்குப் பயன்படுவதில்லை. வலக்கை, இடக்கை வடிவங்களாகக் கலந்துகிடக்கும் மூலக்கூறுகளில் வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க வேதியியலாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.