பாட்டும் அறையின் சாவியும்

ஒலிப்பதிவின் சரித்திரத்தை இயந்திரங்களின் சரித்திரமாக மட்டும் எழுதிவிடுகிறோம். எனக்கு அது அறைகளின் சரித்திரமாகவும் படுகிறது. 1935-38இல் எம். பி. எமனோ நீலகிரியில் தோடர் பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவை நூலானது 1971இல், ஆக்ஸ்ஃபோர்டில். பாட்டு மலையில், பிரதி வெளியே. சினிமாப் பாட்டிலும் நிலைமை வேறல்ல. கோடம்பாக்கத்துப் பெரிய கூடங்களில் பாடுகிறவன் ஒருவன், அறைக்குச் சொந்தக்காரன் இன்னொருவன். 1989இல் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டுக் கொல்லையிலேயே பதிவறை கட்டிக்கொண்டது இதனால்தான் முக்கியம். 1992இல் வந்த 'ரோஜா'வின் பாடல்கள் அங்கே உருவாயின. வாடகை மணிக்குப் பயப்படாமல், பிடிக்காததை அழித்துத் திரும்பச் செய்யலாம்.

இன்று குன்னூரில் ஒரு கார் ஷெட்டே போதும். தகரக் கூரைமேல் கொட்டும் ஐப்பசி மழையைக் கம்பளியும் பஞ்சும் தடுக்காது. அவை உள்ளே எதிரொலியைத்தான் குறைக்கும். வெளிச்சத்தத்துக்குக் கனத்த சுவரும் கூரையும், இடுக்கில்லாத கதவும் வேண்டும். ஆனால் அப்படி அடைத்த அறைக்குள் கேட்பவர் இல்லை. தோடர் பாட்டோ எதிரே இருப்பவர்களுக்காக, அந்தச் சந்தர்ப்பத்துக்கென்று கட்டப்படுவது. சாவி மலைக்காரர் கைக்கு வருவது நியாயம். கேட்பவருக்கும் உள்ளே பாய் விரித்தால்தான் அது பாட்டுக்கும் நியாயம்.