நெல்லுக்கும் அரிசிக்கும் முகத்தல் அளவை

தானியம், பருப்பு, உப்பு போன்றவற்றை நிறுக்காமல் கொள்கலனால் அளப்பது முகத்தல் அளவை ஆகும். மெட்ரிக் முறை வரும்வரை தமிழகத்தில் நெல்லும் அரிசியும் பெரும்பாலும் இவ்வாறே அளக்கப்பட்டன. பொன்னும் மணியும் நிறுக்கப்பட்டன. இந்தப் பிரிவு மிகப் பழையது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் அளவுப் பெயர்களையும் நிறைப் பெயர்களையும் தனித்தனியே சுட்டுகிறது. அங்கே அளவு என்பது முகத்தலையும், நிறை என்பது எடையையும் குறிக்கும்.

பழைய வாய்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். தொடக்கமே நெல்மணியின் எண்ணிக்கைதான். எடை இதில் எங்கும் வருவதில்லை.

சோழர் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்ற ஒரே பெயர் உண்டு. பெயர் ஒன்றானாலும் கருவிகள் வேறு. கோயில் மடைப்பள்ளிக்கான பட்டியல்களில் அரிசியும் நெய்யும் நாழி, உழக்கு, ஆழாக்கு என்றும், சர்க்கரையும் புளியும் பலம் என்றும் வருவது வழக்கம். புளியை நாழியில் அடைத்து அளப்பது யாருக்கும் எளிதல்ல.

சோழர் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதம் காணப்படுகிறது. இது 40 விழுக்காடு. இன்றைய ஆலைகளில் நெல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரிசி கிடைக்கிறது. இரண்டையும் நேராக ஒப்பிடுபவர், சோழர் கால நெல் மிகவும் பதராக இருந்தது என்றோ, குத்துகூலியாகப் பெரும்பங்கு போய்விட்டது என்றோ முடிவு கட்டக்கூடும். ஆனால் கல்வெட்டின் விகிதம் முகத்தலில் சொல்லப்பட்டது. உமியோடு கூடிய நெல் இடத்தை அடைக்கும். ஒரு லிட்டர் நெல் 550 முதல் 600 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் அரிசியோ 800 கிராமுக்கு மேல். ஐந்து லிட்டர் நெல் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு லிட்டர் அரிசி 1.6 கிலோவுக்குச் சற்று அதிகம். எனவே எடையில் பார்த்தால் விகிதம் 55 முதல் 60 விழுக்காடு வரை ஏறிவிடுகிறது. உலக்கையால் குத்திய அரிசிக்கு இது நம்பத்தக்க அளவே.

படியும் கூலியும்

பிற்காலத்தில் பரவலான படி, ஊருக்கு ஊர் மாறியது. சென்னைப் படி ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். பெரிய படி, சின்னப் படி என்ற வேறுபாடும் இருந்தது. ஒரே படியைக் குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் வேறு கணக்கு. படியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே பல சமயம் அளவைத் தீர்மானித்தது. தஞ்சை வட்டாரத்தில் 1960களிலும் வயற்கூலி நெல்லாக அளக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியில், தொழிலாளர் கோரிக்கைகளுள் கூடுதலாக அரைப்படி நெல் என்பதும் ஒன்று.

சட்டப்படி அப்போது படியே இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கிலோகிராம், 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றே வாக்களித்தது. கிலோவில் சொல்லியிருந்தால் அது அவ்வளவு வேகமாகப் பரவியிருக்குமா என்பது ஐயமே.

இன்றைய அடுக்களை

இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது உழக்கிலும் டம்ளரிலும் எடையிலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் ஒத்த அடர்த்தி கொண்டவை. மாவில் இது பொருந்தாது. 200 மில்லி டம்ளரில் அரிசி 160 கிராமுக்கு மேல் பிடிக்கும்; சலித்த கோதுமை மாவு 100 முதல் 120 கிராம்தான். அதே மாவை அழுத்தி நிரப்பினால் இன்னும் கூடும். தூள் உப்பு 240 கிராம் வரை வரும். கல்லுப்பு இடைவெளி விட்டு நிற்பதால் அதைவிடக் குறைவு.