கடலின் நிறத்தை முடிவு செய்வது யார்? அந்தமான் நிலக்காட்சியும் முன்னமைவுகளின் வரலாறும்

இந்திய ரிசர்வ் வங்கி 2001ஆம் ஆண்டு வெளியிட்ட மகாத்மா காந்தி வரிசை இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளும் கடலும் தொலைவில் ஒரு கலங்கரை விளக்கமும் அச்சிடப்பட்டுள்ளன. தெற்கு அந்தமானின் மவுண்ட் ஹாரியட் குன்றிலிருந்து நார்த் பே கலங்கரை விளக்கத்தை நோக்கும்போது தெரியும் காட்சி அது. 2021இல் அக்குன்று மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்தியரின் கைகளில் மிகுதியாகப் புழங்கிய அந்தமான் நிலக்காட்சி இதுவாகவே இருக்கக்கூடும். அதில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. கடல், வானம், மரம் யாவும் ஒரே செம்மஞ்சள் சாயலில் அமைந்தவை. ஆயினும் அந்தமான் கடல் செம்மஞ்சள் நிறமுடையது என்று எவரும் நம்பியதில்லை. அந்நிறம் தாளின் மதிப்பைப் பிரித்தறிவதற்கானது என்பது அனைவருக்கும் தெரியும்.

சுவராஜ் தீவின் (முன்பு ஹேவ்லாக்) ராதாநகர் கடற்கரையைப் பற்றி இன்று சமூக ஊடகங்களில் வலம்வரும் படங்களின் நிலை வேறு. மயில்கழுத்து நிற நீர், மங்கிய பசுங்காடு, செம்பொன் வானம் என்னும் மூன்று நிறங்களும் பெரும்பாலான படங்களில் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருகின்றன. பார்ப்பவர் அவற்றைத் தீவின் நிறங்களாகவே எடுத்துக்கொள்கிறார். ரூபாய்த் தாளின் நிறம் தன்னை ஒரு மரபாக வெளிப்படையாக அறிவிக்கிறது. திரையில் தோன்றும் நிறம் தன்னை இயற்கையாகவே முன்வைக்கிறது. ‘ப்ரீசெட்’ எனப்படும் முன்னமைவை வரலாற்று நோக்கில் ஆராய வேண்டிய தேவை இவ்வேறுபாட்டிலிருந்து எழுகிறது.

முன்னமைவு என்பது எண்களின் தொகுப்பு. 2007இல் வெளிவந்த அடோபி லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் ஒளியளவு, நிறவெப்பம், நிழல், வெளிச்சம் ஆகியவற்றுக்கான அளவுகளை ஒருமுறை அமைத்துச் சேமித்துக்கொண்டால், அவற்றை எத்தனை படங்களுக்கும் ஒரே சொடுக்கில் இடலாம். நிறங்களைப் பொறுத்தவரை சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீர்நீலம், நீலம், ஊதா, கருஞ்சிவப்பு என எட்டு வகைப்பாடுகள் உள்ளன. ஒவ்வொன்றின் சாயலையும் செறிவையும் ஒளிர்வையும் தனித்தனியே மாற்றலாம். மூலக் கோப்பில் எதுவும் மாறுவதில்லை. மாற்றங்கள் கட்டளைகளாக மட்டுமே பதிவாகின்றன. 2010இல் இன்ஸ்டாகிராம் வடிப்பான்களோடு அறிமுகமானபின் இப்பழக்கம் தொழில்முறை ஒளிப்படக் கலைஞரைக் கடந்து கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் சென்று சேர்ந்தது. ஓரிடத்தில் ஒருவர் உருவாக்கிய அளவுகளை வேறோர் இடத்தில் எடுத்த படத்தின்மேல் மற்றொருவர் இடுவதற்கான சந்தையும் உருவாயிற்று.

இது கணினியோடு தொடங்கிய வழக்கம் எனக் கருதுவது பிழை. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை, அடுத்த முப்பது ஆண்டுகள் உலகெங்கும் கோலோச்சியது. அத்தகடு நீல ஒளிக்கு மிகுதியாகவும், பச்சைக்கும் சிவப்புக்கும் மிகக் குறைவாகவும் வினைபுரியும். ஆகவே நிலக்காட்சியில் வானம் வெறும் வெண்மையாகவும் காடு அடர்ந்த கருமையாகவும் பதிவாயின. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களின் நடுவில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு எதிர்ப்படிகளை இணைத்து அச்சிட்டார். ஒரே மேக எதிர்ப்படியை அவர் வெவ்வேறு கடற்காட்சிகளுக்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஓரிடத்து வானத்தை வேறோர் இடத்துக் கடலின்மேல் ஏற்றிய அச்செயலே இன்றைய முன்னமைவின் நேரடி மூதாதை எனலாம்.

அந்தமானின் ஒளிப்பட வரலாறும் இக்காலத்திலேயே தொடங்குகிறது. 1857 எழுச்சிக்குப்பின் தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் தேடி மருத்துவர் எப். ஜே. மோவாட் தலைமையில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட குழுவில் ஆஸ்கர் மாலிட் என்னும் பிரெஞ்சு ஒளிப்படக்காரரும் இடம்பெற்றார். 1857–58இல் அவர் எடுத்தவை இத்தீவுகளின் மிகத் தொன்மையான ஒளிப்படங்களுள் அடங்குபவை. பசுமையைக் கருமையாக்கும் வேதியியல், காட்டை அழித்துக் குடியேற்றம் அமைக்க வந்த அரசின் பார்வையோடு எவ்வளவு எளிதாகப் பொருந்திவிட்டிருக்கும் என்பது எண்ணத்தக்கது. அக்கருமையை எந்த அதிகாரியும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. அது தகட்டில் முன்கூட்டியே அமைந்திருந்தது. 1873இல் ஹெர்மன் போகல் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்தபின்னரே தகடுகள் பச்சையை ‘காண’த் தொடங்கின.

அந்தமானில் முன்னமைவின் மற்றொரு வடிவத்தை மாரிஸ் விடல் போர்ட்மன் என்னும் அதிகாரியிடம் காணலாம். 1890களில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக அந்தமானியரைப் படமெடுத்த அவர், அளவீட்டுப் படங்களில் மனிதர்களைக் கட்டங்கள் வரைந்த திரைக்குமுன் நிறுத்தினார். கட்டத்திரையை 1869இல் ஜான் லாம்பிரே முன்மொழிந்திருந்தார். எந்த நிலத்து மனிதராயினும் ஒரே பின்னணி, ஒரே நிற்கை, ஒரே கோணம் என்பதே அம்முறையின் அடிப்படை. ஒப்பிடுவதற்கு வசதி என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அவ்வசதிக்கு விலையாக நிலம் முழுவதும் படத்திலிருந்து அகற்றப்பட்டது. தெற்கு அந்தமான் மொழிகளைப் பற்றி நூல் எழுதியவரும் இதே போர்ட்மன்தான் என்பதை மொழியியல் மாணவர் மறக்கலாகாது. சொற்பட்டியலும் கட்டத்திரையும் ஒரே கையிலிருந்து வந்தவை.

நிலக்காட்சியை முன்கூட்டி வகுத்தல் தமிழ் மரபுக்கும் அயலானதன்று. தொல்காப்பியம் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூவகைப் பொருள்களை வகுக்கிறது. நெய்தலுக்கு நிலம் கடற்கரை, சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். எற்பாட்டைக் கதிரவன் சாயும் பொழுது எனக் கொண்டால், மேற்கு நோக்கிய ராதாநகரில் ஒவ்வொரு மாலையும் கைப்பேசிகள் உயர்வதும் ஒருவகையில் நெய்தலின் பொழுதுதான். ஆனால் திணை இலக்கணம் ஒரு வரம்பையும் விதித்தது. ஒரு திணைக்குரிய ஒழுக்கம் மற்றொன்றில் மயங்கி வருவதை அது ஏற்றது; நிலங்கள் தம்முள் ஒருங்கு மயங்குவதை ஏற்கவில்லை. உணர்வு இடம்பெயரலாம், நிலம் தன் நிலையில் நிற்கும். இன்றைய முன்னமைவு இவ்வரம்பைக் கடக்கிறது. மத்தியதரைக் கடலின் வறண்ட ஒளிக்கு அமைத்த அளவுகளை அந்தமானின் மழைக்காட்டின்மேல் இடும்போது மாறுவது உணர்வு மட்டுமன்று, நிலமும்தான்.

எவ்வாறு மாறுகிறது? மென்பொருளின் நிறக் கட்டுப்பாடு பொருள்களை அறியாது. சாயல் எல்லைகளை மட்டுமே அறியும். அந்தமானின் என்றும் பசுமையான மழைக்காட்டின் கரும்பச்சை, கழிமுகத்து அலையாத்தியின் மஞ்சள் கலந்த பச்சை, தென்னையின் இளம்பச்சை ஆகிய மூன்றும் பெரும்பகுதி அதற்குப் ‘பச்சை’ என்னும் ஒரே பெட்டிக்குள் அடங்குபவை. பச்சையின் செறிவைக் குறைத்தால் மூன்றும் ஒன்றாகின்றன. கடலுக்கும் இதே நிலைதான். வெண்மணல் பரந்த ஆழமற்ற நீர் இயல்பாகவே நீர்நீலமாகத் தோன்றும்; நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் மணல் எஞ்சிய ஒளியைத் திருப்புவதும் அதன் காரணங்கள். மழைக்காலத்தில் ஓடைகள் கொண்டுவரும் வண்டலால் அதே கரை பழுப்பேறும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இத்தீவுகளில் அப்பழுப்பு ஆண்டின் ஒரு பகுதியே தவிர, விதிவிலக்கு அன்று. முன்னமைவு அதனைக் குறையாகக் கருதித் திருத்துகிறது.

இது அழகியல் பூசல் மட்டுமாயின் இவ்வளவு கூற வேண்டியதில்லை. அந்தமானில் நிறம் ஒரு சான்று. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் உயர்ந்து இங்குள்ள பவளத்திட்டுகள் வெளிறின. பவள உயிரியின் திசுவில் வாழும் நுண்பாசிகள் வெளியேறும்போது அதன் சுண்ணாம்புக்கூடு வெண்மையாகத் தெரிகிறது. நோயின் முதல் அடையாளம் நிறமிழப்பே. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளத்திட்டுகள் நீருக்குமேல் வெளிப்பட்டு மடிந்தன. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையில் நிலம் ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடி கடலுள் நின்றது. இத்தகைய மாற்றங்களை ஆராய்பவருக்குப் பயணிகள் எடுத்த பழைய படங்களும் உதவக்கூடும். வெளிறிய பவளத்துக்கு இளஞ்சிவப்பும், பட்டுப்போன அலையாத்திக்குப் பசுமையும் ஏற்றப்பட்ட படம் அப்பணிக்கு உதவாது. பயனற்றதாவது மட்டுமன்று, பொய்ச்சான்றாகவும் ஆகிவிடும்.

முன்னமைவே வேண்டாம் என்பது இதற்கு விடையாகாது. நீருக்கடியில் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பொளி மறையத் தொடங்குவதால், திருத்தப்படாத படமே பவளத்தை நீலமாகக் காட்டிப் பிழைபடும். கேமரா தானே உருவாக்கும் ஜேபெக் படமும் நிறுவனம் வகுத்த முன்னமைவின் விளைவே. எனவே எதனை அளவுகோலாகக் கொண்டு திருத்துகிறோம் என்பதே வினா. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் சார்ந்த கோரல்வாட்ச் திட்டம் 2002 முதல் பவளத்தின் அருகே பிடித்து ஒப்பிடுவதற்கான நிற அட்டையைப் பயன்படுத்திவருகிறது. அதுவும் முன்கூட்டி வகுத்த அளவுதான். ஆனால் அது காட்சிக்குள்ளேயே நின்று அளக்கிறது, எவரும் மீண்டும் சரிபார்க்க இடம் தருகிறது. விற்பனைக்கு வரும் முன்னமைவின் அளவுகோலோ வேறொரு படம், வேறொரு கடற்கரை, வேறொருவரின் விருப்பம்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர் இதிலிருந்து பெறக்கூடிய நடைமுறை எளியது. மூலக் கோப்பை அழிக்காமல் காத்தல், ஒவ்வொரு தொடரின் முதல் படத்திலும் சாம்பல்நிற அட்டை அல்லது நிற அட்டையை வைத்தல், நாளையும் நேரத்தையும் வானிலையையும் குறித்தல், வெளியிடும்போது எம்முன்னமைவு இடப்பட்டது என்பதைப் படவிளக்கத்தில் கூறுதல் ஆகியவை போதும். ஒலிப்பதிவைப் பெயர்த்தெழுதும் மொழியியலாளர் எக்குறியீட்டு முறையைப் பயன்படுத்தினார் என்பதை முதற்பக்கத்திலேயே சொல்கிறார். மூல ஒலியையும் காக்கிறார். நிலக்காட்சிக்கும் அதே நேர்மை பொருந்தும். இருபது ரூபாய்த் தாள் தன் செம்மஞ்சளை மறைக்கவில்லை. ஆவணமாக எடுக்கப்படும் படமும் தன் நிறம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுமானால், வரும் தலைமுறை ஆய்வாளர் அதனை நம்பிக் கையாளலாம்.