கப்பல் புறப்படுமுன் முடிந்த கதை

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், ஆசிரிய நண்பரொருவரின் வீட்டு விறாந்தையிலே போயா தினப் பிற்பகல்களிற் சிலர் கூடுவது வழக்கம். ஆசிரியர் இருவர் மூவர், பல்கலைக்கழக மாணவர் சிலர், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவர், இவர்களோடு நாமும். அண்மையில் ஒரு நாள் அங்கு எழுந்த வாதம் இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மாணவியொருத்தி 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் அப்போதுதான் முடித்திருந்தாள். 2022இலும் 2023இலும் இரு பகுதிகளாக வெளிவந்த மணிரத்தினத்தின் திரைப்படத்தைப் பார்த்த பின்னர் நூலைக் கையிலெடுத்தவள். "சேர், மணிமேகலையைச் சாகடித்து, நந்தினியைக் குதிரையிலேற்றி அனுப்பிவிட்டு, குந்தவையின் கல்யாணத்தையும் காட்டாமல் விட்டதற்குப் பெயர் முடிவா? இதைவிடக் கதையைப் பாதியில் நிறுத்தியிருக்கலாமே!" என்று அவள் கேட்டாள். அச்சுக்கோப்பாளர் சிரித்தார். இதே கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையிலே தாம் கேட்டதாகவும், அப்போது தமக்கு வயது பதின்மூன்று என்றும் சொன்னார். வாரந்தோறும் பத்திரிகை கப்பலேறி வந்துசேரும் வரை காத்திருந்து, பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் கட்டிய தொகுதிகள் அவர் வீட்டில் நெடுநாள் இருந்தனவாம். 1983 ஜூலையில் அவை வீட்டோடு எரிந்துபோயின.

ஏமாற்றந்தரும் முடிவு தீதா, முடிவில்லாத கதை தீதா என்பது வெறும் இரசனைச் சர்ச்சை போலத் தோன்றலாம். கல்கியின் விடயத்தில் அதனை எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு வாய்த்திருக்கின்றது. 1950 அக்டோபரில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுகள் ஓடி 1954இல் முடிந்தது. அதையடுத்து அவர் தொடங்கிய 'அமரதாரா' முற்றுப்பெறுமுன்னரே, அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் காலமானார். எஞ்சிய பகுதியை அவருடைய மகள் ஆனந்தி, தந்தை விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு எழுதி முடித்தார். ஆக, ஒரே எழுத்தாளர், ஒரே பத்திரிகை, ஒரே ஆண்டு. ஒன்று முடிந்தும் மனக்குறை வைத்த கதை, மற்றது முடியாமலே நின்ற கதை. முன்னதைப் பற்றி இன்றும் சண்டையிடுகிறார்கள். பின்னதன் மீது எவருக்கும் கோபமில்லை. பாரதியின் 'சந்திரிகையின் கதை' 1921இல் அவர் மறைந்தபோது அரைகுறையாக நின்றது. அதற்காகப் பாரதியைக் குறைகூறியவரையும் நாம் கண்டதில்லை. மரணத்தோடு எந்த வாசகனும் வழக்காடுவதில்லை. உயிரோடிருந்து முற்றும் போட்டவனிடமே வழக்குக்குச் செல்கிறான்.

கல்கியும் அவ்வழக்கை எதிர்கொண்டார். கதை முடிந்ததும் வந்து குவிந்த கடிதங்களுக்கு விடையாக அவர் ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. முழுக்கக் கற்பனையான சமூக நவீனத்தில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிடலாம், சரித்திர நவீனத்தில் அது இயலாது என்பது அவர் கட்சி. ஆயினும் வாசகரைச் சமாதானப்படுத்த, இன்னார் பின்னர் என்னவானார் என்று எண்ணிட்டு விடை சொல்லவும் செய்தார். ஆசிரியனே தன் பாத்திரங்களுக்குப் பிற்குறிப்பு எழுதித் தரும் நிலை பரிதாபமானதுதான். வாராவாரம் ஆயிரக்கணக்கானோரைக் காக்க வைத்த தொடர்கதை, அவர்களுக்குப் பட்ட கடன் அது.

அவர் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. நாவலின் நடுநாயகமான ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்வோம். கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயந்திரிபறச் சொல்லவில்லை. சரித்திரமும் முழுதாகச் சொல்லவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது குறிக்கின்றது. பட்டங்களே சொல்வதுபோல இவர்கள் அரச அலுவல் வகித்த பிராமணர்கள். உத்தம சோழன் ஆண்ட பதினைந்து ஆண்டுகளில் இவர்கள் தண்டிக்கப்பட்டதற்குச் சான்று இல்லாமையால் அவன் மீதே ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரியார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். இவ்விரு பேராசிரியர்களுக்கும் இடையிலே நின்றுதான் கல்கி கதை பின்னினார்.

இக்கல்வெட்டைப் பற்றி நாம் கவனிக்கவேண்டிய வேறொன்றும் இருக்கின்றது. இளவரசனைக் கொன்றவர்களின் பெயரை உலகிற்கு அறிவிப்பதற்காக எவரும் அதனைப் பொறிக்கவில்லை. அது ஒரு நிலப் பத்திரம். துரோகிகளும் அவர்தம் சுற்றத்தாரும் வைத்திருந்த நிலம் பறிமுதலாகி, விலைப்பட்டு, கோயிலறத்திற்குச் சேர்ந்த செய்தியே அதன் பொருள். கொலை நடந்ததென்பது நிலம் கைமாறியதால் நமக்குத் தெரியவருகின்றது. நிலமானியச் சமுதாயம் எதை நினைவில் வைத்தது, எதை மறந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இரவிதாசனை மந்திரவாதியாக்கிய கல்கி இந்த இடத்தைத் தொடவேயில்லை என்பது நம் குறை. அக்குறை அச்சுக்கோப்பாளருக்கோ அம்மாணவிக்கோ தோன்றியதில்லை.

நூலின் இறுதிப் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். கைக்கெட்டிய மணிமுடியை அருள்மொழிவர்மன் சிற்றப்பன் மதுராந்தகனுக்கு விட்டுக்கொடுக்கிறான். நாவலில் அந்த மதுராந்தகன் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனாக இருக்கிறான். திரைப்படம் இத்திருப்பத்தை விட்டுவிட்டது, தியாகத்தை விடவில்லை. இந்தத் தியாகக் கதை கல்கியின் கற்பனை மட்டுமன்று. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிமக்கள் வேண்டியும் அருள்மொழி அரசை ஏற்கவில்லை, சிற்றப்பனுக்கு அதில் ஆசையிருந்ததை அறிந்து விலகி நின்றான் என்கின்றது. மகனுடைய அரசவை தந்தையைப் பற்றி எழுதி வைத்த புகழ்மொழி அது. அரண்மனை எழுதிய முடிவையே நாவலாசிரியரும் எழுதினார் எனலாம்.

கதை இங்கே, 970ஆம் ஆண்டளவில் முடிகின்றது. இராசராசனாக அவன் அரியணையேறியது 985இல். ஈழத்தின் மீது படையெடுத்தது 993இல். தஞ்சையிலிருந்து வாசிப்பவனுக்கு இது அடுத்த நாவலுக்குரிய பொருள். கொழும்பிலிருந்து வாசிப்பவனுக்கு அப்படியன்று.

'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகத்தில் ஈழம் வருகின்றது. அநுராதபுரத்தில் இடிந்துகிடக்கும் விகாரங்களை அருள்மொழி திருத்தச் செய்கிறான். பிக்குகள் இலங்கையின் சிம்மாசனத்தையே அவனுக்கு அளிக்க முன்வருகிறார்கள், அவன் மறுக்கிறான். அழகான அத்தியாயங்கள். போர் மன்னர்களின் வேலை, குடிகளுக்குள் பகையில்லை என்ற குரல் அவற்றில் ஒலிக்கின்றது; 1950களில் அக்குரலுக்கு மதிப்புண்டு, அதனை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் அதே அநுராதபுரத்திற்கு அதே மனிதனின் படை என்ன செய்தது என்பது கதைக்கு வெளியே நின்றுவிட்டது.

அதனைச் சொல்வது சூளவம்சம். ஐந்தாம் மகிந்தன் 982இல் பட்டத்திற்கு வந்தான். குடியானவர் வரிப்பங்கைச் செலுத்தவில்லை. சம்பளம் கிடைக்காத கேரளக் கூலிப்படையினர் அரண்மனையை வளைத்தனர். மன்னன் தப்பி உரோகணத்துக்கு ஓடினான். நாட்டின் இந்நிலையை அக்கரைக்குச் சென்ற குதிரை வாணிகன் ஒருவன் சோழனுக்கு அறிவித்தான் என்கிறது அந்நூல். சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையிலான மாபெரும் போராகப் பின்னாளில் வருணிக்கப்பட்ட சம்பவத்தின் தொடக்கத்தில் இருப்பவை செலுத்தப்படாத வரியும் கொடுக்கப்படாத கூலியும்! சோழர் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1017இல், இராசேந்திரன் காலத்தில், மகிந்தன் முடியோடும் அணிகலன்களோடும் பிடிபட்டான். தாதுகோபங்கள் உடைக்கப்பட்டன, விகாரங்கள் கொள்ளையிடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் சிறையிருந்து 1029இல் அவன் இறந்தான். தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டு, ஈழமண்டலத்து ஊர்கள் அக்கோயிலுக்கு அளக்கவேண்டிய நெல்லையும் காசையும் இலுப்பைப்பாலையும் கணக்கிட்டு வைத்திருக்கின்றது. அவ்வூர்களில் ஏரோட்டியவர் எம்மொழி பேசினார் என்று கல்வெட்டுக் கேட்கவில்லை. அளக்கவேண்டியதை மட்டும் கேட்டது.

பாட்டியின் கதைபோல ஒருபக்கமாக இதனைச் சொல்லி நிறுத்தவும் கூடாது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை அதே சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு வாழ்ந்தது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் அளித்த கொடைகளைப் பதிந்துள்ளன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்தவனும் இந்த இராசராசனே. உடைத்த கையும் கொடுத்த கையும் ஒன்றாயிருந்ததை விளங்கிக்கொள்வதற்குப் பக்தி உதவாது, பகையும் உதவாது. அரசின் வருவாய் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியே உதவும்.

கல்கி தம் முடிவுரையில், எஞ்சிய வரலாற்றைப் பிறர் எழுதலாமென இடம் விட்டார். எழுதினார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அறுந்த இழையைப் பிடித்துத் தொடர்ந்தார். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', பாண்டிய முடியை ஈழத்திலிருந்து மீட்டுவரும் கதை. 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஆக, கல்கி எழுதாது விட்ட அத்தியாயம் தமிழில் எழுதப்படாமலில்லை; வெற்றி விழாவாக எழுதப்பட்டது. அம்முடி உரோகணத்தில் ஒளிந்திருந்த காலத்தில் அந்நாட்டுக் குடியானவன் என்ன உண்டான் என்பதை எழுதுவதற்கு ஆளில்லை. இதே ஆண்டுகளிலேதான் இங்கே 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் 1958இன் வன்செயலும் நிகழ்ந்தன. அடிபட்டவனுக்குப் பழைய புலிக்கொடியின் நிழல் ஆறுதலாயிருந்ததை நாம் உணர்கிறோம். அந்நிழலில் இளைப்பாறியவர்களுள் நாமும் இருந்தோம். மறுபக்கத்திலோ, 1070இல் சோழரைத் துரத்திய விசயபாகு இன்னொரு தொடர்கதைக்கு நாயகனானான். கொட்டாஞ்சேனைப் பையன் பகலில் பள்ளிக்கூடப் பாடநூலில் சோழரைப் படையெடுப்பாளராகப் படித்து, இரவில் தலையணையருகே அதே சோழரை வீரராகப் படித்தான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரியர்களாகிய நம் பங்கு இதில் சிறிதன்று.

ஆகவே அம்மாணவிக்கு நாம் கூறிய விடை இது: உன் கோபம் நியாயம், ஆனால் இடம் மாறி விழுந்திருக்கிறது. திருமணம் காட்டப்படாமையால் எவருக்கும் கேடில்லை. டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' விவிலிய வசனத்தோடு முடிவதைக் கண்டு, அந்நாவலுக்கு முடிவே இல்லையென்று செக்கோவ் 1900இல் ஒரு கடிதத்தில் சலித்துக்கொண்டார். ஆயினும் சிறைக் கொட்டடிகளைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியவற்றுக்கு அதனால் வலிமை குன்றவில்லை. தீயவர்களைத் திருத்தி நல்முடிவு எழுத முனைந்த கோகல், 1852இல் 'இறந்த ஆன்மாக்க'ளின் இரண்டாம் பாகத்தை நெருப்பிலிட்டான். பொய்யான முடிவினும் சாம்பல் மேலென்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். 'பொன்னியின் செல்வ'னில் வாசகரை ஏமாற்றிய முடிவு மணிமேகலையின் மரணமென்றால், ஏமாற்றாமல் நிறைவித்த முடிவு அந்த முடிதுறப்பு. நம் அச்சம் பின்னதைப் பற்றியதே. நெஞ்சு நிறைந்து புத்தகத்தை மூடிய பின் 993ஆம் ஆண்டை யார் தேடிப்போவார்?

அச்சுக்கோப்பாளர் இதனை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "தம்பி, எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித் தந்தது அந்தக் கதைதான். அது முடியாமல் நின்றிருந்தால் நான் அடுத்த புத்தகத்தைத் தொட்டிருக்கமாட்டேன்" என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

மாலையாகிவிட்டது. அடுத்த போயா தினத்திலே திருவாலங்காட்டுச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியையும், சூளவம்சத்தின் ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வாசிப்பதென்று முடிவாயிற்று. சிங்களத்தில் அதனைப் படித்துச் சொல்லத் தன் வகுப்புத் தோழியொருத்தியை அழைத்துவருவதாக மாணவி கூறினாள். "அவவுக்குக் கல்கியை ஆர் சொல்லுறது?" என்று கேட்ட முதியவர், தாமே சொல்வதாக ஒப்புக்கொண்டு, கொட்டாஞ்சேனை பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் காலி வீதிப் பக்கம் நடந்தார்.