மூத்தவாப்பாவின் துவக்கில் இருந்தது கறள்தானா?

எங்கள் வீட்டு அலுமாரியில், காணி உறுதிகளோடு சேர்த்து, ஒரு பொலித்தீன் பைக்குள் பழைய பற்றுச்சீட்டு ஒன்று இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில், அனுமதிப்பத்திரம் உள்ளவர்களும் துவக்குகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னபோது மூத்தவாப்பாவுக்குக் கொடுத்தது. துவக்கு திரும்பி வரவில்லை. சீட்டு மட்டும் மிஞ்சியது. அதில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று. குழல் கறள் பிடித்தது.

வாப்பாவுக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்த இரண்டாவது வரியில்தான். "துவக்கு போனா போகட்டும். கறள் எண்டு எழுதினானே! வாப்பா ஒரு நாளாவது எண்ணெய் போடாம வெச்சிருப்பாரா?" என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூத்தவாப்பா வட்டையிலிருந்து வந்ததும் முதலில் துவக்கைத்தான் துடைப்பாராம். தையல் மெசின் எண்ணெய் தொட்ட பழைய சாரத் துண்டால் துடைத்து, பிறகுதான் தன் கால் சேற்றைக் கழுவுவாராம். அப்படிப்பட்டவரின் துவக்கைக் கறள் என்று எழுதியது வாப்பாவைப் பொறுத்தவரை ஓர் அவமானம்.

வாப்பா சொல்லும் இன்னொரு கதையும் இருக்கிறது. ஒரு பெருநாளுக்கு முந்திய கிழமை, வீட்டில் பெண்கள் செங்கல் தூளும் புளியும் போட்டு பித்தளைச் சாமான் மினுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து வயது வாப்பா, உதவி செய்வதாக நினைத்து, ஒரு பிடி செங்கல் தூளை எடுத்துத் துவக்குக் குழலில் தேய்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு விரல்கடை அளவு வெள்ளையாகப் பளிச்சிட்டது. அதைக் கண்ட மூத்தவாப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அடித்தாராம். "இது மினுங்கினா தாரா எல்லாத்துக்கும் நான் வாறேன் எண்டு சொல்லும்" என்றாராம்.

அந்த வசனம்தான் என்னைத் தேட வைத்தது. தேடியதில் கிடைத்தவற்றை ஊர் உறவுகளோடு பகிர்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலையில் தரம் 10 பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். யான் ஹூய்கன் வான் லின்ஸ்ஹோட்டன் என்ற ஒல்லாந்தர் 1580களில் போர்த்துக்கேயரின் கோவாவில் பணிபுரிந்தவர். 1596இல் வெளியான அவருடைய பயண நூலில் இலங்கைக் கம்மாளரைப் பற்றி எழுதும்போது, எங்குமே காண முடியாத அளவு அழகான துவக்குக் குழல்களை இவர்கள் செய்கிறார்கள், அவை வெள்ளி போல் மினுங்குகின்றன என்கிறார். துவக்கு இந்தத் தீவுக்கு வந்து நூறு வருடம்கூட ஆகாத காலம் அது. அதற்குள் எங்கள் பட்டறைகள் அந்தத் தரத்துக்கு வந்திருக்கின்றன. இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மலரும். சுற்றுலா போகும்போது கொழும்பு நூதனசாலையில் கண்டிக் காலத்துத் துவக்குகளைக் காட்டுவோம். வெள்ளியும் பித்தளையும் பதித்து, அடிக்கட்டை இரண்டாகப் பிளந்த வடிவில் இருக்கும். (துவக்கு என்ற சொல்லே துருக்கியரின் 'துஃபெக்' வழியாக வந்ததுதான். சிங்களத்தில் துவக்குவ. இந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்துதான் வாங்கியிருக்கிறோம்.)

வெள்ளி போல் மினுங்கியது பெருமை. அப்படியென்றால் மூத்தவாப்பா ஏன் மினுக்கத்துக்கு அடித்தார்?

அரண்மனைக்கும் படைக்கும் செய்த துவக்கின் வேலை வேறு, பறவைக்குப் போகும் துவக்கின் வேலை வேறு. படைத் துவக்கு மினுங்குவது எதிரியைப் பயமுறுத்தும், அரசனின் செல்வத்தைக் காட்டும். பிரித்தானியக் காலாட்படை வீரன் 18ஆம் நூற்றாண்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து தன் மஸ்கட் குழலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவான். எதனால் தெரியுமா? செங்கல் தூளும் எண்ணெயும்! எங்கள் வீட்டுப் பெருநாள் வேலையேதான்.

அந்தப் படைக்குள்ளேயே முதலில் மினுக்கத்தைக் கைவிட்டவர்களில் முக்கியமானவர்கள் 1800இல் தொடங்கப்பட்ட றைபிள் படைப்பிரிவினர். சிவப்புச் சட்டைக்குப் பதில் கரும்பச்சை உடை, கையில் எசக்கியேல் பேக்கர் செய்த றைபிள், அதன் குழலுக்குக் கபில நிறம். அவர்கள் வரிசையாக நின்று சுடுபவர்கள் அல்ல. மரத்துக்கும் பற்றைக்கும் பின்னால் மறைந்து சுடுபவர்கள். மறைந்திருப்பவனின் கையில் கண்ணாடி போல ஒரு குழல் இருந்தால் அவன் மறைந்திருந்து என்ன பயன்?

படைகளுக்கு இது புதிதாக இருந்திருக்கலாம். பறவை வேட்டைக்காரருக்குப் பழைய பாடம். இங்கிலாந்தில் பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் 1660க்குப் பிறகுதான் பரவலாகிறது. அதற்கு முன்பு, இருக்கும் பறவையை நோக்கி ஊர்ந்து கிட்டப்போய்ச் சுடுவதுதான் முறை. குளக்கரையில், காலைச் சூரியன் தாழ்வாக இருக்கும் நேரம், மினுங்கும் இரும்பு ஒரு சாண் அசைந்தாலே வெளிச்சம் தெறிக்கும். மனிதக் கண் முன்னுக்குப் பார்ப்பது. தாராவின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிவர முழுவதும் பார்க்கும். உள்ளானுக்குக் கண் இன்னும் பின்தள்ளி அமைந்திருக்கிறது. சேற்றில் அலகைக் குத்திக்கொண்டே முதுகுப்புறம் வருகிறவனைக் காண்பதற்கு.

இரண்டாவது சிக்கல் பறவையின் கண்ணில் அல்ல, சுடுகிறவனின் கண்ணில். பறக்கும் பறவையைச் சுடுபவன் குழலின் மேற்பக்கத்தை நீளவாக்கில் பார்த்தபடிதான் துவக்கைத் திருப்புகிறான். அந்த மேற்பக்கம் பளபளப்பாக இருந்தால் வானத்து வெளிச்சம் அப்படியே கண்ணில் அடிக்கும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு மேற்கிந்தியத் தீவுகளின் சந்தர்போல் கண்ணுக்குக் கீழே கறுப்புப் பட்டி ஒட்டிக்கொண்டு துடுப்பெடுத்தாடியது நினைவிருக்கும். கன்னத்துத் தோலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தையே அவர் அப்படிக் குறைத்தார் என்றால், கண்ணுக்கு முன்னால் இரண்டரை அடி நீளத்துக்குப் பளபளக்கும் இரும்பை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு இங்கிலாந்தின் துவக்குப் பட்டறைகள் கண்ட வழிகள் இரண்டு. சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஜோசப் மேன்டன் என்ற பேர்பெற்ற கைவினைஞர் 1806இல் இரட்டைக் குழல்களுக்கு நடுவே உயர்ந்து ஓடும் 'றிப்' என்ற நீளப் பட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதைச் செய்தது குறி சற்று மேலே விழுவதற்காக. ஆனால் கண் பார்க்கும் இடம் அந்தப் பட்டிதான் என்றானதும், அதன் முதுகில் அரத்தால் நெருக்கமாகக் கோடு கீறிச் சொரசொரப்பாக்கும் வழக்கம் வந்தது. பௌதிகம் எளிது. ஒப்பமான பரப்பு வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். கரடுமுரடான பரப்பு அதைச் சிதறடித்துவிடும். புது எவர்சில்வர் பீங்கானையும் சுண்ணாம்பு பூசிய சுவரையும் வெயிலில் வைத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

மற்ற வழிதான் எங்கள் கதைக்கு வேண்டியது. குழலுக்கு வேண்டுமென்றே கறள் பிடிக்க வைப்பது!

ஆங்கிலத்தில் இதற்கு 'பிரவுணிங்' என்று பெயர். கபில நிறமாக்குவது என்று பொருள். (ஜோன் பிரவுணிங் என்ற அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் 1855இல்தான் பிறந்தார். இந்த வேலை அவருக்கு மிக முந்தியது. பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல். நானும் முதலில் ஏமாந்தேன்.) செய்முறை பொறுமையைச் சோதிப்பது. குழலின் இரு வாயையும் மரக்கட்டையால் அடைப்பார்கள். சுண்ணாம்பு தேய்த்து எண்ணெய்ப் பசையை முற்றாக எடுப்பார்கள். அதன்பிறகு விரல் படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் நிறம் ஏறாது. நைத்திரிக் அமிலம், மயில்துத்தம், மதுசாரம் போன்றவை கலந்த ஒரு நீரை மெல்லியதாகப் பூசி, ஈரலிப்பான அறையில் வைப்பார்கள். கறள் அரும்பும். கம்பித் தூரிகையால் உதிரும் தூளைத் தட்டிவிட்டு மறுபடி பூசுவார்கள். இப்படி நாள்கணக்கில். ஒவ்வொரு தடவையும் உதிராமல் ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகும். கடைசியில் கொதிநீரால் கழுவி, அமிலத்தின் வேலையை நிறுத்தி, எண்ணெய் அல்லது மெழுகு பூசுவார்கள். ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் அவித்தெடுத்தால் செந்நிற ஒட்சைட்டு கருநிற ஒட்சைட்டாக மாறி, கறுப்பு நிறம் கிடைக்கும். கலவையின் அளவை ஒவ்வொரு பட்டறையும் இரகசியமாக வைத்திருந்தது.

அப்படிப் பிடித்த கறள் ஒரு கவசம். எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கும் இரும்பைப் பிறகு வரும் கெட்ட கறள் இலகுவில் தின்னாது. வெளிச்சத்தையும் விழுங்கும். நீரும் சேறுமாகக் கிடக்கும் வயலில் நிற்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 19ஆம் நூற்றாண்டின் உயர்ந்த துவக்குக் குழல்களை 'டமஸ்கஸ் குழல்' என்பார்கள். பெர்மிங்ஹாமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் இரும்புக் கீற்றையும் உருக்குக் கீற்றையும் முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, அடித்து ஒட்டவைத்துச் செய்தவை. கறள் ஏற்றும்போது இரும்பு ஒரு நிறமும் உருக்கு ஒரு நிறமும் எடுப்பதால் பாயில் பின்னிய பூவேலை போல் கோலம் தெரியும். பெயர் வந்தது டமஸ்கஸ் வாள்களின் தோற்றத்தில் இருந்து. 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கு என்று எங்கள் தீவின் பெயரையும் வகைப்படுத்தி வைத்திருக்கிறார். சமனலவெவ மலைச்சரிவுகளில், பருவக்காற்றைத் துருத்தியாக வைத்து உருக்கு எடுத்த உலைகளை ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் கண்டறிந்து 1996இல் உலகறியச் செய்தார். லியேஜ் குழலுக்கும் அந்த உருக்குக்கும் பெயரைத் தவிர உறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருமை பேசும் அவசரத்தில் நாங்கள் இரண்டையும் குழப்பக் கூடாது.

பின்னாளில் வேலை இலகுவாயிற்று. 1906இல் இங்கிலாந்தில் தோமஸ் கொஸ்லெட் இரும்பைப் பொசுபரிக் அமிலக் கரைசலில் இட்டு மங்கிய சாம்பல் நிறப் படலம் ஏற்றக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில் 1915இல் தொடங்கிய பார்க்கர் நிறுவனம் அதை வளர்த்தது. உலகப் போர்களில் படைகளிடம் பரவி, பின்பு அங்குள்ள தாரா வேட்டைக்காரரிடமும் வந்து சேர்ந்தது. இன்று அவர்கள் நாணல் போல நிறம் அச்சிட்ட குழல்களைக் கொண்டுபோகிறார்கள். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

எங்கள் பக்கம் வெள்ளைக்காரத் துரைமார் உள்ளான் சுட வயல்களுக்கு இறங்கிய காலம் முடிந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்று பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கின்றன. அது நல்லதுதான். மூத்தவாப்பாவின் காலத்தில் துவக்கு முதலில் வெள்ளாமைக் காவலுக்கு. பறவைக்குச் சுடும் நாளில் பிஸ்மி சொல்லிச் சுடுவார். விழுந்தது உயிரோடு இருந்தால் அறுப்பதற்காகச் சேற்றில் ஓடுவது வாப்பாவின் வேலை. அந்த ஓட்டத்தைச் சொல்லும்போது வாப்பாவுக்கு இன்றும் மூச்சு வாங்கும்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். அது பெர்மிங்ஹாமில் செய்த துவக்கு என்று அவருக்குத் தெரியும். குழல் என்ன நிறம் என்று கேட்டேன். "புளியங்கொட்டை நிறம்" என்றார், யோசிக்காமலே. தடவினால் விரலில் ஒட்டுமா? "ஒட்டாது. பட்டு மாதிரி இரிக்கும்." அப்படியென்றால் அது பட்டறையில் ஏற்றிய கறள்தான் வாப்பா, என்றேன். எழுதியவருக்குக் கறள் தெரிந்திருக்கிறது, அது எந்தக் கறள் என்பது தெரியவில்லை.

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன் எழுதினது பொய்யில்ல" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "நான் செங்கல் தூளால தேச்ச இடம் மட்டும்தான் பிறகு மெய்யாவே கறள் பிடிச்சது. வாப்பா அதுக்குத்தான் ஒவ்வொரு நாளும் எண்ணெய் போட்டாரு" என்றார். இதை அவர் இதற்கு முன்பு யாரிடமும் சொன்னதில்லை.

சீட்டை அதே பைக்குள் வைத்துவிட்டோம். அந்தக் காலத்தில் துவக்கோடு நின்று எடுத்த படம் எங்கள் ஊரில் யாருடைய வீட்டிலாவது இருந்தால், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். வாப்பாவுக்குக் காட்ட வேண்டும்.