விளையாட்டு விழாத் தொண்டும் வேலைக்கான வழியும்

நெடுநாள் வேலையில்லாதவர்கள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஐம்பது வயதுக்கு மேல் வேலை இழந்தவர்கள் ஆகியோரைப் பெரும் விளையாட்டு விழாக்களில் தன்னார்வலர்களாகச் சேர்த்து, அந்த அனுபவத்தின் வழியே வேலைக்குத் தயார்ப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பயிற்சி வகுப்பு, அதன் முடிவில் சான்றிதழ், விழாவில் சில நாள் பணி, பிறகு வேலை தேடும்போது காட்டுவதற்கு ஒரு பரிந்துரை என்பது இதன் பொதுவான அமைப்பு. பிரிட்டனில் இந்த ஏற்பாடு 2002ஆம் ஆண்டின் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிகளையொட்டி முறையான திட்டமாக வடிவம் பெற்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை முன்னிட்டு நாடு முழுவதற்கும் விரிந்தது. திட்டத்தை வகுத்தவர்கள் எதிர்பார்த்த இடத்தில் பலன் குறைவாகவும், அவர்கள் அதிகம் கவனிக்காத இடத்தில் பலன் மிகுதியாகவும் கிடைத்தது. அதனால்தான் இதன் வரலாறு கவனத்துக்குரியது.

தொண்டர்கள் யார்?

விளையாட்டு விழாக்களுக்கு ஊதியமில்லா உழைப்பு எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சாரணச் சிறுவர்கள் ஏவல் வேலைகளைப் பார்த்தார்கள். ஆனால் தன்னார்வலர்களை விளம்பரம் செய்து திரட்டி, தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சீருடை அணிவிக்கும் வழக்கம் பிற்காலத்தது. 1980இல் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய அமெரிக்காவின் லேக் பிளாசிட், மூவாயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர். ஊரின் மக்கள்தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அங்கே தேவைப்பட்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணிக்கை முப்பதாயிரத்தை நெருங்கியது. 1992 பார்சிலோனாவில் அதையும் தாண்டியது. 2000 சிட்னியில் நாற்பதாயிரத்துக்கு மேல் போயிற்று.

இப்படிச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். இரண்டு வாரம் விடுப்பு எடுக்க முடிந்தவர், வெளியூரில் தங்கும் செலவைத் தாங்கக்கூடியவர், விண்ணப்பப் படிவத்தில் தன்னைப்பற்றி நாலு வரி நன்றாக எழுதத் தெரிந்தவர், நேர்காணலில் தயங்காமல் பேசுபவர் ஆகியோரே வடிகட்டலில் தேறினார்கள். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே நல்ல வேலை இருந்தது. மற்றவர்களில் பலர் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். ஓர் அனுபவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது எட்டாமல் போனது. மைதானம் ஏழைகளின் குடியிருப்புகளுக்கு நடுவே எழும்பும். உள்ளே வழிகாட்டி நிற்பவர்கள் வேறு பகுதிகளிலிருந்து வருவார்கள். இந்த முரண்பாடு மான்செஸ்டரில் பளிச்சென்று தெரிந்தது.

மான்செஸ்டர்

1996, 2000 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளுக்கும் போட்டியிட்டுத் தோற்ற மான்செஸ்டருக்கு, 2002 காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் உரிமை 1995இல் கிடைத்தது. முதன்மை மைதானத்துக்கு நகரின் கிழக்குப் பகுதியைத் தேர்ந்தார்கள். அது ஒருகாலத்தில் ஆலைகளாலும் பட்டறைகளாலும் நிறைந்திருந்த பகுதி. இந்தியாவுக்கும் ரயில் எஞ்சின்கள் செய்து அனுப்பிய பேயர் பீகாக் நிறுவனத்தின் கோர்ட்டன் ஆலை 1966இல் மூடப்பட்டது. பிராட்ஃபோர்டு நிலக்கரிச் சுரங்கம் 1968இல் மூடப்பட்டது. புதிய மைதானம் அந்தச் சுரங்கம் இருந்த நிலத்தில்தான் எழுந்தது. வேலை போன பிறகு அந்தப் பகுதியிலேயே தங்கிவிட்ட குடும்பங்களில், அப்பாவுக்கும் வேலையில்லை, மகனுக்கும் வேலையில்லை என்ற நிலை சாதாரணமாகிவிட்டிருந்தது.

இத்தகைய பகுதிகளைச் சீரமைப்பதற்காக அரசு ஒதுக்கிய ஒருங்கிணைந்த மறுசீரமைப்பு நிதியிலிருந்து, வடமேற்கு இங்கிலாந்து முழுவதற்குமாகத் தன்னார்வ முன்பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. விழாவுக்கு ஆள் சேர்ப்பதை மட்டும் அது நோக்கமாகக் கொள்ளவில்லை. வேலை தேடுவதையே நிறுத்திவிட்டவர்களை, விழாவின் பெயரைச் சொல்லி வகுப்பறைக்கு வரவழைப்பதே அதன் உள்நோக்கம். ‘வேலைவாய்ப்புப் பயிற்சி’ என்ற அறிவிப்பைப் பலமுறை பார்த்து, போய், ஏமாந்து திரும்பியவர்களுக்கு அந்தச் சொல்லே கசந்துபோயிருந்தது. ‘நம் ஊரில் நடக்கும் போட்டியில் நீங்களும் பங்கெடுக்கலாம்’ என்ற அழைப்பு வேறு மாதிரி ஒலித்தது. திட்டத்தின் மிகச் சிறந்த யோசனை இதுதான்.

அக்கம்பக்கத்துச் சமூகக் கூடங்களிலும் கல்லூரிகளிலும் வகுப்புகள் நடந்தன. பார்வையாளர்களிடம் எப்படிப் பேசுவது, கோபமாக வருபவரை எப்படி எதிர்கொள்வது, சக்கர நாற்காலியில் வருபவருக்கு எப்படி உதவுவது, கூட்ட நெரிசலில் பாதுகாப்புக்கு என்ன செய்வது என்பவை பாடங்கள். ஏட்டளவில் பார்த்தால் எளிய பாடங்கள்தான். ஆனால் பதினாறு வயதில் எந்தத் தேர்விலும் தேறாமல் பள்ளியைவிட்டு வெளியேறி, நாற்பது வயதில் மறுபடி ஒரு மேசைமுன் உட்காரும் ஒருவருக்கு, முதல் நாள் அந்த வகுப்பறைக்குள் நுழைவதே பெரிய காரியம். பாடம் முடிந்ததும் அவர் கையில் அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றிதழ் இருக்கும். பலருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் சான்றிதழ் அதுதான். பயோடேட்டாவில் ஆண்டுக்கணக்கில் வெற்றாகக் கிடந்த இடத்தில் எழுத ஒரு வரி கிடைத்தது. குறித்த நேரத்துக்கு வந்தார், பொறுப்பாக நடந்துகொண்டார் என்று சொல்ல, குடும்பத்துக்கு வெளியே ஒருவர் கிடைத்தார். வேலை கொடுப்பவர் கேட்கும் பரிந்துரை, இந்த மக்களிடம் இல்லாத பொருள்களில் முதன்மையானது. பழைய முதலாளி என்று காட்ட அவர்களுக்கு யாரும் இல்லை.

2002 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 4 வரை நடந்த போட்டிகளில் சுமார் பத்தாயிரம் தன்னார்வலர்கள், ஊதா நிறச் சீருடையும் வடக்கு இங்கிலாந்துத் தொழிலாளர்களின் அடையாளமான தட்டைத் தொப்பியும் அணிந்து நகரெங்கும் நின்றார்கள். மான்செஸ்டர் அவர்களைக் கொண்டாடியது. முன்பயிற்சித் திட்டத்தில் சான்றிதழ் பெற்றவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஆனால் அவர்களில் அந்த ஊதாச் சீருடையை அணிந்தவர்கள் மிகச் சிறு பகுதியினரே. அமைப்புக் குழுவுக்கு விழா பிசகின்றி நடக்க வேண்டும் என்பதே கவலை. அனுபவமும் துணிவும் உள்ளவர்களையே அது தேடியது. திட்டத்தை நடத்தியவர்களுக்கோ அவையிரண்டும் இல்லாதவர்களைக் கைதூக்கிவிடுவதே வேலை. இரு தரப்பையும் குறைசொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே வாசலில் நிறைவேற்றிவிடலாம் என்று நம்பியது தவறு. பின்னால் வந்த விழாக்களிலும் இந்த இழுபறி தொடர்ந்தது.

விழா முடிந்த பிறகு

பெரும்பாலான ஊர்களில் நிறைவு விழாவின் வாணவேடிக்கையோடு தன்னார்வலர் பட்டியலும் முடிந்துபோகும். மான்செஸ்டர் அந்தப் பட்டியலைக் காப்பாற்றியது. விழாத் தன்னார்வலர்களையும் முன்பயிற்சி பெற்றவர்களையும் சேர்த்து ‘மான்செஸ்டர் ஈவென்ட் வாலண்டியர்ஸ்’ என்ற அமைப்பு உருவானது. நகரில் நடக்கும் ஓட்டப் பந்தயங்கள், சைக்கிள் போட்டிகள், திருவிழாக்கள் என எதற்கு ஆள் தேவைப்பட்டாலும் இந்த அமைப்பு அனுப்பிவைத்தது. பதினொரு நாளில் முடிய வேண்டிய அனுபவம் ஆண்டு முழுவதும் பரவியது.

ஆய்வாளர்கள் ஜெஃப் நிக்கோல்ஸும் ரீட்டா ரால்ஸ்டனும் பின்னாளில் இந்தத் தொண்டர்களைச் சந்தித்துப் பேசி, 2011இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். சிலருக்கு வேலை கிடைத்திருந்தது உண்மை. ஆனால் உடல்நலக் குறைவாலோ வயதாலோ வேலைக்குப் போக இயலாதவர்களும் தொண்டில் நீடித்தார்கள். நாளுக்கு ஓர் ஒழுங்கு, புதிய நண்பர்கள், தன்னாலும் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற நிறைவு ஆகியவை அவர்களுக்குக் கிடைத்தன. வேலையில் சேர்ந்தவர்களின் தலையை மட்டும் எண்ணி இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவது போதாது என்பது இந்த ஆய்வாளர்களின் வாதம். அது சரியான வாதம். நிதி கொடுக்கும் அலுவலகங்கள் எண்ணிக்கையைத்தான் கேட்கின்றன. வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவர் வாரந்தோறும் வரத் தொடங்கியதை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

லண்டன்

2012 ஒலிம்பிக்கின் மையம் கிழக்கு, தென்கிழக்கு லண்டனின் நியூஹாம், டவர் ஹாம்லெட்ஸ், ஹாக்னி, வால்தம் ஃபாரஸ்ட், கிரீனிச் பகுதிகளில் அமைந்தது. தமிழர்கள் செறிந்து வாழும் ஈஸ்ட் ஹாம், நியூஹாமில்தான் இருக்கிறது. வேலையின்மையும் வறுமையும் நகரிலேயே மிகுதியாக இருந்த இடங்கள் இவை. மான்செஸ்டர் முன்மாதிரியைப் பின்பற்றி ‘பெர்சனல் பெஸ்ட்’ என்ற திட்டம் 2006இல் லண்டனில் சோதனை முறையில் தொடங்கி, பிறகு பிற பகுதிகளுக்கும் பரவியது. ஓட்டக்காரர் தன் முந்தைய நேரத்தைத் தானே முறியடிப்பதைக் குறிக்கும் பெயர் அது. விழாத் தொண்டுக்கான முதல்நிலைச் சான்றிதழை முடித்தவருக்கு ஒலிம்பிக் தன்னார்வலர் நேர்காணலுக்கு உறுதியாக அழைப்பு உண்டு. எழுபதாயிரம் தன்னார்வலர்களில் பத்தில் ஒரு பங்கு இவர்களாக இருக்க வேண்டும் என்பது தொடக்கக்கால இலக்கு.

அந்த இலக்கு எட்டப்படவில்லை. ‘கேம்ஸ் மேக்கர்’ என்று அழைக்கப்பட்ட ஒலிம்பிக் தன்னார்வலராக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். நேர்காணல் உறுதி என்றாலும் இடம் உறுதியில்லை. குறைந்தது பத்து நாள் பணிக்கு வர வேண்டும், அதற்குமுன் பயிற்சி நாள்கள் தனி. பணி நாளில் சாப்பாடும் லண்டனுக்குள் பயணச் சீட்டும் தந்தார்கள்; தங்குமிடம் தரவில்லை. இன்னொரு தடை திட்டத்துக்கு வெளியே இருந்தது. வேலையில்லாதோர் உதவித்தொகை பெறுபவர் தொண்டு செய்யத் தடையில்லை. ஆனால் நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் 48 மணி நேரத்தில் போக வேண்டும். வேலை கிடைத்தால் ஒரு வாரத்தில் சேர வேண்டும். விதி இவ்வளவுதான் என்றாலும், வாரப் பணம் நின்றுபோனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்ற பயம் அந்த மக்களுக்கு நியாயமானது. எழுதப்பட்ட விதியைவிட அந்தப் பயமே பலரைத் தடுத்தது.

திட்டத்துக்குப் பணம் கொடுத்த அமைப்புகளும் விழாவரை நிலைக்கவில்லை. கற்றல், திறன் குழுமம் 2010 மார்ச்சில் கலைக்கப்பட்டது. லண்டன் வளர்ச்சி முகமை 2012 மார்ச்சில், அதாவது ஒலிம்பிக் தொடங்க நான்கு மாதம் இருக்கையில் மூடப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கான வாக்குறுதியை ஆட்சி மாற்றமும் பொருளாதார மந்தமும் இடையில் வந்து முறித்தன. வகுப்பை முடித்து, அழைப்புக்காகக் காத்திருந்தவர்களின் நிலை வருந்தத்தக்கது.

பிற்கால முயற்சிகள்

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகளில் இரண்டு வாசல்கள் வைத்தார்கள். மைதானங்களுக்குள் பணிசெய்யும் ‘கிளைட்சைடர்’ இடங்களுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போட்டியிட்டார்கள். தெருக்களிலும் சதுக்கங்களிலும் வருவோரை வரவேற்கும் நகரத் தன்னார்வலர்களை மாநகராட்சி தன் பொறுப்பில், சுமார் ஆயிரம் பேர் அளவில், தனியாகத் திரட்டியது. இதுவரை தொண்டுப் பக்கமே வராதவர்களுக்கு அதில் முன்னுரிமை. இதோடு, பள்ளி முடித்தவர்களுக்குக் கூலியோடு கூடிய தொழிற்பயிற்சியை 2009 முதலே மாநகராட்சி தொடங்கியிருந்தது. மான்செஸ்டரின் இழுபறிக்கு இதுவரை கிடைத்த நல்ல விடை இது என்று சொல்லலாம்: விழா நடத்துபவர் கையில் தேர்வை விடாமல், ஊர் நிர்வாகம் தனக்கென ஒரு வாசலை வைத்துக்கொண்டது. 2022 பர்மிங்ஹாமில் மேற்கு மிட்லண்ட்ஸ் ஆட்சிக்குழு, தொண்டு, தொழிற்பயிற்சி, சம்பள வேலை மூன்றையும் ஒரே குடையின் கீழ் இணைத்து ஒரு வேலை, திறன் பயிலகத்தை நடத்தியது.

விமர்சனம்

சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைத் தொண்டு என்ற பெயரில் இலவசமாகப் பெறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல விழாக்களில் எழுந்தது. வசதியுள்ளவர் இரண்டு வாரம் இலவசமாக உழைப்பது அவர் விருப்பம். அடுத்த வேளைக்கு வழியில்லாதவரிடம் இதையே கேட்கும்போது, கேட்பவர் திரும்ப என்ன தருகிறார் என்பதைக் காட்டியாக வேண்டும். சான்றிதழ், பரிந்துரை, பயணச் செலவு, விழாவுக்குப் பின்னும் தொடரும் தொடர்பு ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் கிடையாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் 45,000 தன்னார்வலர்களைச் சுற்றி இதே விவாதம் நடந்தது. ஆனால் அங்கே கட்டுமானப் பணிகளுக்கான சமூக ஒப்பந்தம், மொத்த வேலை நேரத்தில் பத்து சதவீதத்தை வேலைச் சந்தையிலிருந்து விலகிப்போனவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்களைக் கட்டாயப்படுத்தியது. அந்த நேரம் கூலி தரப்படும் நேரம். பிரிட்டன் தொண்டிலிருந்து வேலைக்குப் பாலம் கட்ட முயன்றது. பிரான்ஸ் நேரே வேலையையே ஒதுக்கியது. முன்னதில் மக்கள் மறுபடி வெளியே வந்தார்கள்; பின்னதில் மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்தது. இரண்டையும் ஒரே விழாவில் முழு அளவில் இணைத்துச் செய்யும் பொறுப்பு, விழா நடத்தும் உரிமையைக் கேட்டு வரிசையில் நிற்கும் நகரங்களிடம் இருக்கிறது.