ஆழ்சுழற்சி பற்றறி

தடித்த ஈயத் தகடுகள் கொண்டது. ஆழமாக இறக்கி ஏற்றுவதைப் பலமுறை தாங்கும். சூரிய மின்சார வீடுகளுக்கும் தங்கிச் செல்லும் பயண வாகனங்களுக்கும் ஏற்றது. கார் பற்றறியின் மெல்லிய தகடுகள் எஞ்சினைக் கிளப்பும் சில நொடிகளுக்கானவை. அதில் இரவெல்லாம் மின்விசிறி ஓட்டினால் விரைவில் கெடும்.

1990களில் பொருளாதாரத் தடையால் பற்றறி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் யாழ்ப்பாணம். அதன் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு, பற்றறிச் சேமிப்புடன் கூடிய சூரிய, காற்று மின்திட்ட ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது.

இங்கே பராமரிப்பில் முதற்கவனம் தண்ணீருக்கே. சுண்ணக்கற் கிணற்றுநீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே, முழுதாக ஏற்றியபின் விடவேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு. புதிய பற்றறி முழுக் கொள்ளளவை எட்டச் சில சுழற்சிகள் பிடிக்கும். 12 வோல்ட் பற்றறி ஓய்வில் ஏறத்தாழ 12.7 காட்டினால் நிறைவு, 12.2 வந்தால் மீண்டும் ஏற்றிவிடுவது நல்லது.